முளைப்பாரி ஏன் மஞ்சளாக இருக்கிறது? செடியும் விலங்கும் மரபணுவைப் படிக்கும் விதம்

முளைப்பாரி எடுக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம் என்று ஊறவைத்த தானியங்களை எருவும் மண்ணும் போட்ட சட்டியில் தூவி, வெளிச்சம் படாத அறைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ வெளியே எடுக்கும்போது முளை நெடுநெடுவென்று நிற்கும். தண்டு வெள்ளை, நுனி வெளிர் மஞ்சள். பயறு முளைகளில் இலை விரியாமல் கூப்பிய கை மாதிரி இருக்கும். பச்சை மருந்துக்கும் இருக்காது. கும்மி கொட்டி, ஊர்வலம் போய், குளத்தில் கரைத்துவிடுவதால் அதற்குப் பிறகு அந்த முளைக்கு என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கொத்தை மட்டும் எடுத்துவந்து முற்றத்தில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்கும். தண்டு மளமளவென்று நீளுவதை விட்டுவிடும். இலை விரியும்.

இருட்டு அறையில் இருந்தபோது அந்த முளையிடம் மரபணு எதுவும் குறைவாக இல்லை. பச்சையம் தயாரிக்கத் தேவையான குறிப்பு முழுவதும் அதன் ஒவ்வொரு செல்லிலும் இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பைச் செல் படிக்கவில்லை. இருட்டில் ஒரு பக்கத்தைப் படித்தது, வெளிச்சம் பட்டதும் வேறு பக்கத்தைப் புரட்டியது. இந்தப் பக்கம் புரட்டும் வேலையைச் செடி எப்படிச் செய்கிறது, நாமும் மற்ற விலங்குகளும் எப்படிச் செய்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மூலமும் நகலும்

பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே பதிவேடு அலமாரியை விட்டு வெளியே வராது. வேண்டியவருக்கு வேண்டிய பக்கத்தின் நகல்தான் கிடைக்கும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். டி.என்.ஏ. என்கிற மூலப் பதிவேடு உட்கருவுக்குள் இருக்கிறது. அதில் ஒரு பகுதிதான் மரபணு. அந்தப் பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகலாக எழுதி வெளியே அனுப்புகிறார்கள். நகலைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. இந்த நகலெடுக்கும் வேலைக்குப் பாடப்புத்தகப் பெயர் படியெடுத்தல். எழுதுபவர், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி.

நம் கல்லீரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே பதிவேடு. இரண்டும் இரண்டு விதமாக இருப்பதற்குக் காரணம், எந்தெந்தப் பக்கத்தை எத்தனை நகல் எடுப்பது என்ற முடிவு வேறுபடுவதுதான். அந்த முடிவை எடுப்பவை படியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்கள். ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட சிறு சொல்லைத் தேடும், ஆறு எழுத்து, எட்டு எழுத்து, அவ்வளவுதான். அந்தச் சொல் ஒரு மரபணுவின் அருகில் இருந்தால் அதன் மேல் உட்கார்ந்து, "இங்கே வா, எழுது" என்று பாலிமரேஸை அழைக்கும். சில காரணிகள் நேர்மாறு, "இங்கே எழுதாதே" என்று தடுக்கும்.

இதுவரை சொன்னதில் நெல்லுக்கும் மனிதருக்கும் வித்தியாசமே இல்லை. பாலிமரேஸ் ஒன்றேபோல. அது உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் பல மரபணுக்களில் வரும் டி-ஏ-டி-ஏ என்ற எழுத்துவரிசை ஒன்று. டி.என்.ஏ. நூல் ஹிஸ்டோன் என்ற உருண்டைகளில் சுற்றிவைக்கப்பட்டிருப்பதும், ஒவ்வோர் உருண்டையிலும் சுமார் 147 எழுத்து சுற்றியிருப்பதும் ஒன்று. செடிக்கும் விலங்குக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர். இந்தக் கருவிகளெல்லாம் அதனிடமே இருந்தன. அதன் பிறகு இரண்டு வம்சமும் தனித்தனியாகப் பல செல் உடம்பு கட்டக் கற்றுக்கொண்டன. அதாவது தச்சுப் பெட்டி ஒன்று, அதை வைத்துக் கட்டிய வீடுகள் வேறு. வேறுபாட்டைக் கருவிகளில் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். கருவிகளைக் கோத்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணிக்கையிலும் நாம் மேலே இல்லை. அராபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறு களை ஒன்று உண்டு. தாவர ஆய்வுக்கூடங்களின் வெள்ளெலி என்று அதைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்ட முதல் செடி அதுதான். சுமார் 13.5 கோடி எழுத்து நீளமுள்ள பதிவேட்டில் கிட்டத்தட்ட 27,000 மரபணுக்கள். நம்முடையது 300 கோடி எழுத்துக்கும் மேல், ஆனால் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000. படியெடுத்தல் காரணிகளின் எண்ணிக்கை அந்தக் களையிலும் நம்மிலும் ஏறக்குறைய சமம், 1,500க்கு மேல்.

முளைப்பாரி அறைக்குள் நடந்தது

இருட்டில் முளைக்கும் செடிக்கு ஒரே நோக்கம்தான், மண்ணைக் கிழித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வருவது. கையிருப்பு விதைக்குள் இருக்கிற மாவு மட்டுமே. அதைப் பச்சையம் செய்து வீணடிக்கக் கூடாது. ஆகவே பிஃப் என்ற பெயருள்ள படியெடுத்தல் காரணிகள் உட்கருவுக்குள் குவிந்து, தண்டை நீட்டும் மரபணுக்களை எழுதவைக்கின்றன, பச்சை வேலைகளுக்கான மரபணுக்களை அடக்கிவைக்கின்றன. வெளிச்ச வேலைக்கென்று எச்.ஒய்.5 என்று இன்னொரு காரணி உண்டு. அது உருவாக உருவாக, காப்-1 என்ற புரதம் அதன் மேல் "அழிக்க" என்று முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்த புரதம் செல்லின் அரைவை இயந்திரத்துக்குள் போய்த் தூளாகிவிடும்.

கதவைத் திறந்ததும் கதை தலைகீழாகிறது. ஃபைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை வாங்கியதும் உருவம் மாறி, உட்கருவுக்குள்ளேயே நுழைந்துவிடும். போய் பிஃப் காரணிகளைப் பிடித்து அரைவைக்கு அனுப்பும். காப்-1இன் கையையும் கட்டிப்போடும். எச்.ஒய்.5 பிழைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வாசிப்பு மாறுகிறது. முற்றத்தில் நீங்கள் பார்க்கும் பச்சை அதன் விளைவு.

வெளிச்சத்தை நாமும்தான் உணர்கிறோம். ஆனால் கண்ணில் பட்ட ஒளி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, மூளை தசைக்குச் சொல்கிறது, இமை மூடுகிறது. இவ்வளவும் நடந்து முடிக்கப் புதிதாக ஒரு மரபணுவைக் கூடப் படிக்க வேண்டியதில்லை. வெயில் சுட்டால் நிழலுக்குப் போவோம், வெள்ளம் வந்தால் மேட்டுக்கு ஓடுவோம். உலகத்தோடு நம் முதல் பேச்சு தசை வழியாக. செடிக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. அது நகர்வதற்குப் பதிலாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மாற்றிக்கொள்வது என்றால் வேறு மரபணுவைப் படிப்பது. (தொட்டாச்சிணுங்கி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அது தண்ணீரைச் செல்லுக்குச் செல் தள்ளி இலையை மடக்குகிறது. அதுவும் செடிகளிடம் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் அது போதாது.)

வேடிக்கை என்னவென்றால் காப்-1 நம் உடலிலும் இருக்கிறது. நம்மிடம் அது வெளிச்சத்துக்காக இல்லை. செல் வளர்ச்சியோடு தொடர்புள்ள சில காரணிகளுக்கு அழிப்பு முத்திரை குத்துகிற வேலையில் இருக்கிறது. கத்தரிக்கோல் ஒன்று, தையல்காரரிடம் ஒரு வேலை, முடிதிருத்துபவரிடம் வேறு வேலை.

பூவும் ஈயும்

உடம்பின் வடிவத்தை முடிவுசெய்யும் காரணிகளில், கருவிகளைக் கோத்த விதத்தின் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். விலங்குகளில் எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று சொல்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். பழ ஈயில் இவற்றில் ஒன்று தவறான இடத்தில் இயங்கினால், தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்து நிற்கும். படத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம் திக்கென்று இருக்கும்.

செடியில் அதே மாதிரி இடம் மாறிய உறுப்பைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டாம், அடுக்குச் செம்பருத்தி போதும். ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ், நடுவில் நீண்ட குழல், அதன் மேல் மஞ்சள் மகரந்தத் தாள்கள். அடுக்குப் பூவைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய தாள்களில் பல இதழாகி இருக்கும். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் பாதி இதழ், பாதி தாள் என்று நுனியில் மகரந்தப் பையை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றிரண்டும் அகப்படும். நம்மைப் பொறுத்தவரை அது அழகு. செடியைப் பொறுத்தவரை உறுப்பு இடம் மாறிய கேஸ்.

இதன் கணக்கை 1991இல் என்ரிகோ கோயனும் எலியட் மெயரோவிட்ஸும் போட்டுக் காட்டினார்கள். ஒருவருடைய ஆய்வு ஸ்னாப்டிராகன் பூவில், மற்றவருடையது அராபிடாப்சிஸில். பூவின் வட்டங்களுக்கு ஏ, பி, சி என்ற மூன்று வகைக் காரணிகள் போதும் என்பது அவர்கள் கண்டது. ஏ மட்டும் இருந்தால் புல்லிதழ். ஏயும் பியும் சேர்ந்தால் அல்லிதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத் தாள். சி மட்டும் என்றால் சூலகம். ஏயும் சியும் ஒன்றையொன்று அண்டவிடாது. இப்போது சி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ உள்ளே பரவும். தாள் வர வேண்டிய இடத்தில் ஏயும் பியும் சேர்ந்துவிட்டதால் இதழ் வரும். சூலகம் வர வேண்டிய இடத்தில் மறுபடி முதலிலிருந்து ஒரு பூ தொடங்கும். அடுக்குப் பூ தயார். அடுக்கு ரோஜாக்களில் சி வகை மரபணு இயங்கும் பரப்பு சுருங்கியிருப்பதைப் பின்னாளில் அளந்தே பார்த்துவிட்டார்கள். மூன்று வகையையும் சேர்த்து முடக்கினால் பூவின் எல்லா வட்டங்களிலும் இலைதான் வரும். பூவின் உறுப்பெல்லாம் இலையின் மாற்றுருவம் என்று ஜெர்மன் கவிஞர் கெத்தே 1790இலேயே எழுதியிருந்தார். கவிஞர் சொன்னது சரியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

இந்தப் பூக் காரணிகளில் பெரும்பாலானவை மேட்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பெயரே ஒரு வரலாறு. நான்கு புரதங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஒன்று ஈஸ்ட்டில் இருப்பது, இரண்டு செடிகளில் இருப்பவை, நான்காவது மனிதரில் இருப்பது. ஆக நம்மிடமும் மேட்ஸ் உண்டு. ஆனால் கையளவு, ஐந்துதான், அவற்றின் வேலை தசை, இதயம் என்று வேறு திசையில். அராபிடாப்சிஸில் நூறுக்கும் மேல். மறுபக்கம், ஹாக்ஸ் காரணிகளின் தூரத்து உறவினர் செடிகளிலும் இருக்கிறார்கள், ஆனால் பூவின் உறுப்புகளை வரிசைப்படுத்தும் பொறுப்பு அவர்களிடம் இல்லை. மூதாதையிடமிருந்து இரண்டு குடும்பமும் இரண்டு வம்சத்துக்கும் வந்தன. விலங்கு ஒன்றை எடுத்து உடம்பு கட்டியது, செடி மற்றதை எடுத்துப் பூ கட்டியது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது, இதை ஏன் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை என்று தோன்றியது.

இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. வேண்டாத இடத்தில் ஹாக்ஸ் மரபணுக்கள் விழித்துக்கொள்ளாமல் பூட்டிவைப்பது பாலிகோம்ப் என்ற புரதக் குழு. ஹிஸ்டோன் உருண்டைகளில் ஒரு வேதிக் குறியைப் போட்டு அந்தப் பகுதியையே இறுக்கி மூடிவிடும். இதை முதலில் பழ ஈயில்தான் கண்டார்கள். 1997இல் அராபிடாப்சிஸில் இலை சுருண்டுபோகும் ஒரு வகையை ஆராய்ந்தபோது, பழுதாகியிருந்த மரபணு அதே பாலிகோம்ப் குழுவின் உறுப்பினர் ஒருவருக்கு நேர் இணை என்று தெரிந்தது. இலையில் அது பூட்டிவைத்திருந்தது எதை? சி வகைப் பூ மரபணுவான அகாமஸை. பூட்டு உடைந்ததால் இலைக்குள் பூவின் மரபணு எழுந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் ஒரே காவல்காரர். அவர் பூட்டிக் காக்கும் பெட்டிதான் வேறு வேறு.

தடையை உடை

ஹார்மோன் விஷயத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நம் உடலில் கார்டிசாலோ ஈஸ்ட்ரோஜனோ என்ன செய்கிறது? செல்லுக்குள் நேராக நுழைந்து ஒரு புரதத்தோடு ஒட்டுகிறது. அந்தப் புரதமே படியெடுத்தல் காரணி. ஹார்மோன் ஒட்டியதும் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து எழுதவைக்கிறது. மணியடித்ததும் எழுந்துவரும் ஊழியர் மாதிரி.

செடியில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செய்வது வேறு. எழுதவைக்கும் காரணி ஏற்கெனவே மரபணுவின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறது. ஆனால் அதன் மேல் ஒரு தடுப்புப் புரதம் ஏறி அமர்ந்திருக்கிறது. தடுப்பவர் தனியாக இல்லை, டாப்லெஸ் என்ற துணையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். டாப்லெஸ் அந்த இடத்து ஹிஸ்டோன்களை இறுக்கிவைக்க ஆள் சேர்க்கும். (டாப்லெஸ் பழுதான கருவில் குருத்து வர வேண்டிய முனையிலும் வேரே வந்துவிடும், தலையில்லாச் செடி. அதனால்தான் அந்தப் பெயர்.) ஆக்ஸின் வந்ததும், அழிப்பு முத்திரை குத்தும் இயந்திரத்தின் டிஐஆர்1 என்ற பகுதியில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் ஆக்ஸின் இருந்தால்தான் தடுப்புப் புரதம் அங்கே கச்சிதமாக ஒட்டும். ஹார்மோன் இங்கே கட்டளை இடவில்லை, பசையாக இருக்கிறது. ஒட்டிய தடுப்பாளர் முத்திரை வாங்கி அரைவைக்குப் போகிறார். காத்திருந்த காரணி விடுபட்டு வேலையைத் தொடங்குகிறது. டிஐஆர்1தான் ஆக்ஸினின் ஏற்பி, அதாவது ஆக்ஸினை வாங்கிக்கொள்ளும் புரதம், என்பதை 2005இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

பிறகு பார்த்தால் மற்றச் செடி ஹார்மோன்களான ஜிப்ரெல்லினும் இதே பாணி, ஜாஸ்மோனிக் அமிலமும் இதே பாணி. பெயர்கள் மாறும், கதை ஒன்று. தடுப்பாளரை அழி, காத்திருப்பவர் எழுந்துகொள்வார். விலங்குகளிலும் தடுப்பை அழித்துக் காரணியை விடுவிக்கும் வழி இல்லாமல் இல்லை. அழற்சியின்போது இயங்கும் என்.எஃப்.-கப்பா-பி அப்படித்தான் விடுபடுகிறது. ஆனால் செடி அதைத் தன் பொது வழக்கமாகவே ஆக்கிவைத்திருக்கிறது. செடியிடமும் ஸ்டீராய்டு ஹார்மோன் உண்டு, பிராசினோஸ்டீராய்டு என்று பெயர். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற நம் ஸ்டீராய்டுகளுக்கு உறவு. ஆனால் அது செல்லுக்குள் நுழைந்து டி.என்.ஏ. வரை போவதில்லை. செல்லின் மேல்சவ்வில் உள்ள ஏற்பியிடம் சேதி சொல்லி நின்றுவிடுகிறது, அங்கிருந்து கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போகிறது.

தடுப்பாளர் அழிகிறாரா, பிழைக்கிறாரா என்பது வயலில் எப்படித் தெரியும்? ஐ.ஆர்.8 நெல் ஞாபகம் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் ஆள் உயரம் வளர்ந்து, கதிர் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். பிலிப்பீன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டை. எவ்வளவு போட்டாலும் நிமிர்ந்து நிற்கும். தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் இந்தோனேசியாவின் பேட்டா ரகத்தையும் கலந்து எடுத்தது. ஏன் குட்டை என்பதற்கு மரபணு அளவிலான பதில் கிடைக்க 2002 வரை ஆயிற்று. ஜிப்ரெல்லின் தயாரிக்கும் நொதி ஒன்று அதில் பழுது. ஜிப்ரெல்லின் குறைந்தால் டெல்லா என்ற தடுப்பாளர் அழிவதில்லை. டெல்லா இருக்கும்வரை தண்டு நீளாது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் பழுது வேறு இடத்தில். அங்கே ஜிப்ரெல்லினுக்குக் குறைவில்லை, டெல்லாவே மாறிப்போய் அழிப்புக்குப் பிடிகொடுப்பதில்லை. உழவரும் பயிர்ப் பெருக்காளரும் கண்ணால் பார்த்துப் பொறுக்கி எடுத்தது இரண்டிலும் ஒரே தடுப்பாளரின் ஆயுளை நீட்டுவதாக அமைந்துவிட்டது.

வெள்ளம் வந்தால்

ஒரே வகைக் காரணி எதிரெதிரான இரண்டு முடிவுகளை எடுக்கும் இடமும் நெல்வயல்தான். நெல் தண்ணீரில் நிற்கும், மூழ்கினால் தாங்காது. மூழ்கிய பயிர் எப்படியாவது மேலே வரப் பார்த்து இலையை நீட்டிக்கொண்டே போகும். சேர்த்துவைத்த மாவுச்சத்து தீர்ந்ததும், ஒரு வாரம் பத்து நாளில், அழுகிப் படுத்துவிடும்.

ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகம் மட்டும் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். காரணமான மரபணுவை 2006இல் அறிவித்தார்கள், சப்-1ஏ. அது ஒரு படியெடுத்தல் காரணி. எத்திலீன் என்ற வாயு ஹார்மோனுக்குப் பதில் சொல்லும் குடும்பம். மூழ்கிய செடிக்குள் எத்திலீன் வெளியேற வழியில்லாமல் தேங்கும். அதுதான் வெள்ளச் சேதி. சப்-1ஏ எழுந்ததும் டெல்லா வகைத் தடுப்பாளர்களைப் பெருக்கி, ஜிப்ரெல்லினின் பேச்சு எடுபடாமல் செய்துவிடும். செடி நீளுவதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். இந்த மரபணுவைக் கலப்பின் மூலம் ஏற்றி வந்த ரகங்கள்தான் சுவர்ணா சப்-1, டெல்டா உழவர்களுக்குத் தெரிந்த சி.ஆர்.1009 சப்-1 எல்லாம்.

வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் ஆழத்தண்ணீர் நிற்கும் பகுதிகள் உண்டு. அங்கே படுத்திருந்தால் கதை முடிந்தது. அங்கத்து ஆழநீர் நெல் எதிர்வழியில் போகும். தண்ணீர் ஏற ஏறத் தானும் ஏறும், பல மீட்டர் உயரம் வரை. 2009இல் கண்டுபிடித்த அந்த மரபணுக்களின் பெயர் ஸ்நார்கெல், தண்ணீருக்குள் முகம் புதைத்து நீந்துபவரின் மூச்சுக்குழாய் மாதிரி. அவையும் அதே எத்திலீன் குடும்பக் காரணிகள்! அதே சேதி, உறவுக்காரக் காரணி, ஒன்று "அடங்கு" என்கிறது, மற்றது "ஓங்கு" என்கிறது. மாடு மேட்டுக்கு ஓடும் இடத்தில் நெல் செய்வது இதைத்தான்.

தூரத்துச் சுவிட்சு

சற்று நுணுக்கமான இரண்டு வேறுபாடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மரபணுக்களின் சுவிட்சுகள், அதாவது காரணிகள் வந்து உட்காரும் இடங்கள், சில வெகுதூரத்தில் இருக்கும். கை விரல்களை வரையறுக்கும் ஒரு மரபணுவின் சுவிட்சு அதிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினால் ஆறாம் விரல் வரலாம். அவ்வளவு தூரத்தை டி.என்.ஏ. வளைந்து எட்டுகிறது. வளையங்களுக்குக் கட்டுப்போடும் முக்கியமான புரதம் சி.டி.சி.எஃப். செடிகளிடம் அது இல்லை. அராபிடாப்சிஸில் சுவிட்சுகள் பெரும்பாலும் மரபணுவின் வாசலிலேயே இருக்கின்றன. மக்காச்சோளம் போலப் பெரிய தொகுப்புள்ள செடிகளில் தூரத்துச் சுவிட்சு உண்டு. கிளைத்துப் புதராக நின்ற காட்டு மக்காச்சோளத்தை ஒற்றைத் தண்டுப் பயிராக்கிய மாற்றமே, மரபணுவிலிருந்து சுமார் 60,000 எழுத்து தள்ளி வந்து விழுந்த ஒரு தாவும் மரபுத்துண்டால், அதாவது டி.என்.ஏ.வில் இடம்விட்டு இடம் தாவும் துண்டால், ஆனதுதான். இரண்டாவது, விலங்குகளில் பாலிமரேஸ் எழுதத் தொடங்கிய சில பத்து எழுத்துக்குள் பிரேக் போட்டு நிற்பது வழக்கம், உத்தரவு வந்ததும் பாயும். அந்தப் பிரேக்கின் ஒரு பாகமான நெல்ஃப் என்ற புரதக் கூட்டும் செடிகளில் இல்லை.

அழியாத குறிப்பு

டி.என்.ஏ. எழுத்தை மாற்றாமலே அதன் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறியை வைத்து மரபணுவை ஊமையாக்கலாம். இதைச் செடியும் பாலூட்டியும் செய்கின்றன. நம்மில் பெரும்பாலும் டி.என்.ஏ. எழுத்துகளில் சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில்தான் குறி விழும். செடியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்த சி-யிலும் விழலாம். புதுக் குறிகளைப் போடுவதற்கென்றே பாலிமரேஸ் 4, பாலிமரேஸ் 5 என்று இரண்டு கூடுதல் பாலிமரேஸ்களைச் செடிகள் வைத்திருக்கின்றன. விலங்குகளிடம் மூன்றோடு சரி.

பெரிய வேறுபாடு அடுத்த தலைமுறையில். பாலூட்டிகளில் விந்துக்கும் முட்டைக்குமான செல்கள் உருவாகும்போது ஒருமுறை, கருத்தரித்த பின் ஒருமுறை என்று கரும்பலகையைத் துடைப்பதுபோல் பெரும்பாலான குறிகள் துடைக்கப்படும். செடியில் அப்படி முழுத் துடைப்பு கிடையாது. 1742இல் ஸ்டாக்ஹோம் அருகே ஒரு மாணவர் விசித்திரமான லினேரியா பூவைப் பறித்தார். வழக்கமான பூவுக்கு இடம் வலம் உண்டு, ஒரு வால் உண்டு. இதற்கு ஐந்து வால், சக்கரம் மாதிரி. தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் அசந்துபோய் அதற்குப் பெலோரியா, அதாவது பூதம், என்று பெயர் வைத்தார். 1999இல் இங்கிலாந்தின் நாரிச்சில் அப்படிப்பட்ட பூவின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். உருவத்தைத் தீர்மானிக்கும் மரபணு எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. அதன் மேல் மெத்தில் குறிகள் அப்பிக்கிடந்தன, அது வாய் திறக்கவில்லை. அந்த ஊமைநிலை விதை வழியாகவும் கடந்து வந்திருந்தது.

உடல் செல்லிலிருந்தே முழு உயிரை எடுப்பதிலும் இந்த வேறுபாட்டின் சாயல் உண்டு. ஒரு செம்மறியாட்டின் மடி செல்லிலிருந்து டாலி என்ற நகல் ஆட்டை உருவாக்க 277 முயற்சி தேவைப்பட்டது. வாழைக்கு அப்படியில்லை. ஜி-9 ரகத்தின் திசு வளர்ப்புக் கன்றுகள் லட்சக்கணக்கில் குடுவைக்குள்ளிருந்து வயலுக்கு வருகின்றன. ஆனால் குடுவைக்குள் வளரும்போது மெத்தில் குறிகள் சில உதிரலாம். செடி முழுதாகத் துடைப்பதில்லை என்பதால் உதிர்ந்தது உதிர்ந்ததாகவே வளர்ந்த மரம் வரைக்கும் போகும்.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்கள் இதற்கு நிறைய விலை கொடுத்திருக்கின்றன. நல்ல எண்ணெய் தரும் மரங்களைத் திசு வளர்ப்பில் பெருக்கி நட்டார்கள். சில ஆண்டு கழித்துக் காய்ப்புக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அவற்றில் ஒரு பங்கு மரங்களில் காயைச் சுற்றிப் போர்வை போர்த்தினாற்போல் கூடுதல் சதை மடிப்புகள். எண்ணெய் குறைவு, பல காய்கள் முற்றாமலே போய்விடும். மகரந்தத் தாளாக வர வேண்டியது சூலகம் மாதிரி வந்திருந்தது. மேலே சொன்ன ஏ-பி-சி கணக்கை வைத்து எது பழுது என்று நீங்களே சொல்லிவிடலாம்: பி. 2015இல் மலேசிய ஆய்வாளர்களும் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தினரும் அதையே கண்டார்கள். டெஃபிசியன்ஸ் என்ற பி வகை மேட்ஸ் மரபணுவின் நடுவே ஒரு பழைய தாவும் மரபுத்துண்டு வந்து குடியிருந்தது. அதன் மேல் மெத்தில் குறி இருக்கும்வரை பாலிமரேஸ் எழுதிய நகல் ஒழுங்காக வரும். குடுவைக்குள் குறி உதிர்ந்துபோனால் நகல் அந்த இடத்தில் தவறாக வெட்டுப்பட்டுப் பாதியில் முடிந்துவிடும்.

அந்தத் தாவும் துண்டின் பெயர் கர்மா. குறி இருப்பது நல்ல கர்மா, குறி இழந்தது கெட்ட கர்மா என்றே ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்கள். இப்போது கெட்ட கர்மா உள்ள கன்றைக் கண்டுபிடிக்கக் காய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்றுப் பருவத்திலேயே இலையில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்து, நடுவதற்கு முன்பே ஒதுக்கிவிடலாம்.